அனுபவம் உள்ள டிரைவர்களுக்குச் சாலை விதிகள் இன்னும் ஞாபகம் இருக்கிறதா?

ஜூன் 4, காலை (வாசகர் கேள்வி)

இருபது வருஷமா வண்டி ஓட்டுறவங்களை இன்னைக்குத் திடீர்னு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) டெஸ்ட்ல உட்கார வெச்சா எத்தனை பேர் பாஸ் ஆவாங்க? பாதிப் பேர் தேற மாட்டாங்கன்னு நான் சொல்றேன். படிச்சதெல்லாம் எப்பவோ மறந்து போயிருக்கும். உங்க அனுபவம் என்ன?

ஜூன் 4, இரவு

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். அண்ணன் மகள் எல்.எல்.ஆருக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற எல்லோரையும் கேள்வி கேட்கிறாள். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டாதவர் யாரும் இல்லை. பெரியப்பா அரசுப் பேருந்து டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் டெம்போ வைத்து லோடு அடிக்கிறான். நான் கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குக் காரில் வேலைக்குப் போய் வருகிறேன்.

இன்று அவள் கேட்டது: "நாலு ரோடு சேருது. சிக்னல் இல்ல, போலீஸ் இல்ல, போர்டும் இல்ல. நாலும் ஒரே அகலம். யார் யாருக்கு வழி விடணும்?"

யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு என்றார் அண்ணி. நேராகப் போகிறவனுக்கு, திரும்புகிறவன்தான் நிற்க வேண்டும் என்றான் அண்ணன். பேச வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர், "பெரிய வண்டிக்குத்தான். லாரிகிட்டப் போய்ச் சட்டம் பேச முடியுங்களா?" என்று கேட்டார். பெரியப்பா வாயில் வெற்றிலை. கையை மட்டும் தூக்கி வலப்பக்கம் காட்டினார்.

அதுதான் சரி. சேருகிற சாலைகளில் ஒன்று பிரதான சாலை என்று குறிக்கப்பட்டிருந்தால் அதில் போகிற வண்டிக்கு வழி. அப்படி எதுவும் இல்லையென்றால் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி. 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறை விதிகளிலேயே இருந்தது.

எனக்கு உறுத்தியது விடை தப்பானது அல்ல. ஒருவர்கூட "தெரியலை" என்று சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு விதி, எல்லாமே உறுதியாக.

ஜூன் 5, காலை

மேலே ஒருவர், "இடதுபுறம் ஓட்டும் நாட்டில் இடப்பக்கம் வருகிறவருக்குத்தானே வழி?" என்று எழுதியிருக்கிறார். இல்லை, வலப்பக்கம்தான். ஒரு தாளில் கூட்டல் குறி போட்டுப் பாருங்கள். நீங்கள் சாலையின் இடது பாதியில் வருகிறீர்கள். வலமிருந்து வருகிறவர் அவருடைய இடது பாதியில் வருகிறார். சந்திப்புக்குள் நீங்கள் நுழைந்ததும் முதலில் வெட்டுவது அவருடைய பாதையை. இடமிருந்து வருகிறவரின் பாதை அதற்கு அப்புறம்தான். முதலில் மோதக்கூடியவர் யாரோ அவருக்கு வழி விடச் சொல்கிறது விதி. இந்தக் காரணத்தை டிரைவிங் ஸ்கூலில் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் ஒருவருக்கும் மறந்திருக்காது. விடையை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் டெஸ்ட் முடிந்த அன்று சாயங்காலமே போய்விடும்.

ஜூன் 5, இரவு

இதே விதியின் நீட்சிதான் ரவுண்டானா. கோவையில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யூ டர்னும் வைத்த பிறகு இது தினசரிப் பிரச்சினை ஆகியிருக்கிறது. லாலி ரோட்டில் சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, வெளியிலிருந்து நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். நடப்பது தலைகீழ். வெளியிலிருந்து வருகிறவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே நுழைகிறார். உள்ளே இருப்பவர் பயந்து பிரேக் பிடிக்கிறார். அவர் நின்றதும் அவர் பின்னால் வருகிறவரும் நிற்கிறார். வட்டம் மொத்தமும் அடைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கிறவர் வெளியேறினால்தானே நுழைகிறவருக்கு இடம் கிடைக்கும்?

நான் பார்த்த அன்று ஒரு ஸ்கூட்டர்க்காரர் விதிப்படி நுழைவாயிலில் நின்றார், உள்ளே இருக்கிற வண்டி போகட்டும் என்று. பின்னால் இருந்த கார் ஹாரனை விடவே இல்லை. காரின் கண்ணாடி இறங்கியது. "ஏனுங்க, ஓட்டத் தெரியாதுங்களா?" என்று சத்தம். கேட்டவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்கூட்டர்க்காரருக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று. ஓட்டத் தெரிந்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூன் 6

ஃப்ரீ லெஃப்ட், அதாவது சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்புவது பற்றிக் கேட்டவருக்கு: சிவப்பு என்றால் இடப்பக்கம் திரும்புகிறவரும் நிற்க வேண்டும். போர்டு வைத்திருந்தாலோ, இடது அம்பு பச்சையில் எரிந்தாலோ மட்டும் போகலாம். அப்போதும் குறுக்கே நடக்கிறவர்களுக்கு வழி விட்டுத்தான். "எல்லா ஊரிலும் லெஃப்ட் ஃப்ரீதானே" என்பது நம் ஊர்ப் பழக்கம்.

ஜூன் 6, இரவு

"லைசென்ஸ் புதுப்பிக்கும்போது டெஸ்ட் வைக்கிறார்களே, அதில் தெரிந்துவிடாதா?" என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்று இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், விஷயத்தின் வேரே இங்கேதான் இருக்கிறது.

பழைய சட்டப்படி, சொந்த வண்டி ஓட்டும் உரிமம் 20 ஆண்டுகளுக்கு அல்லது 50 வயது வரைக்கும் செல்லும். 1999-இல் இருபது வயதில் உரிமம் வாங்கியவரை 2019 வரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இடையில் 2017 ஜூனில் 1989-இன் விதிகளை எடுத்துவிட்டு, மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். மத்திய அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தது. உரிமம் வைத்திருந்த யார் வீட்டுக்காவது ஒரு தபால், ஒரு குறுஞ்செய்தி வந்ததா? எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை.

2019 திருத்தத்துக்குப் பிறகு காலம் மாறியிருக்கிறது. 30 வயதுக்குள் வாங்கினால் 40 வரை, 30 முதல் 50-க்குள் என்றால் பத்து ஆண்டு, 50 முதல் 55-க்குள் என்றால் 60 வரை, அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டு. ஆனால் புதுப்பிக்கும்போது பார்ப்பது உடம்பைத்தான். கண், காது, கை, கால். காலாவதி ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டால் மட்டும் மறுபடி டெஸ்ட்.

முதல் டெஸ்ட்டே எப்படி? எல்.எல்.ஆருக்கு மத்திய விதி கேட்பது அறுபது சதவீதம். நாற்பது சதவீதம் தெரியாமலே தேறலாம். அப்புறம் முப்பது நாள் கழித்து எட்டு போட்டுக் காட்ட வேண்டும், காரென்றால் பிரேக் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொஞ்ச தூரம். கால் தரையில் படாமல் எட்டு போட்டவருக்கு ரவுண்டானாவில் யாருக்கு வழி என்று தெரியுமா தெரியாதா, அந்த எட்டு சொல்லாது.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் பதில்: மறதி என்பது பாதிக் கதைதான். பலருக்கு மறப்பதற்கு அது மனசில் இருந்ததே இல்லை.

ஜூன் 8

பெரியப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள், அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று. நானும் அவரிடமே கேட்டேன். "புஸ்தகத்துல படிச்சதெல்லாம் இல்ல கண்ணு. தப்புப் பண்ணுனா டிப்போல மெமோ குடுப்பாங்க, அதுல படிச்சது" என்றார்.

பேச்சு அப்படியே ரயில்வே கேட்டுக்குப் போய்விட்டது. ஆள் இல்லாத கேட் வந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டர் இறங்கித் தண்டவாளம் வரை நடந்து போய் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ரயில் வரவில்லை என்றால் முன்னால் நடந்து வண்டியைக் கூட்டிப்போக வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ இல்லையென்றால் டிரைவரே இறங்கிப் பார்க்க வேண்டும். நான் அது பேருந்துக் கழகம் போட்ட உத்தரவு என்றுதான் நினைத்திருந்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவே அதுதான். பேருந்துக்கு மட்டும் இல்லை, எல்லா மோட்டார் வண்டிக்கும். காரில் போகிற எவராவது இறங்கிப் பார்த்ததுண்டா? அகல ரயில் பாதையில் ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரியோடு முழுசாக ஒழித்துவிட்டார்கள். விதியை ஜனங்கள் கடைப்பிடிக்கவில்லை, கடைசியில் கேட்டையே எடுக்க வேண்டியதாயிற்று.

அவரிடம் இன்னொன்றும் கவனித்தேன். விதியைச் சொல்லச் சொன்னால் தடுமாறுகிறார். கையிலும் காலிலும் இருக்கிறது. என் காரில் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது, முன்னால் போகிற வண்டியை நான் நெருங்கினால் அவர் வலது கால் தரையை அமுக்குகிறது. ஆகவே எல்.எல்.ஆர். டெஸ்ட்டில் அவர் தேறாமல் போகலாம். அதை வைத்து அவருக்கு விதி தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஜூன் 9

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்ப அனுபவமே போதும்னு சொல்றீங்களா?" என்று மடக்கியிருக்கிறார் ஒருவர். பெரியப்பாவின் அனுபவத்துக்குப் பின்னால் ஒரு டிப்போ இருந்தது. தப்பை யாரோ எடுத்துச் சொன்னார்கள், சம்பளத்தில் கை வைத்தார்கள். என் அனுபவத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? நான் வருஷக்கணக்காக ஒரே தப்பைச் செய்தாலும், மோதாத வரைக்கும் அது எனக்குச் சரியாகவே தெரியும்.

ஜூன் 9, இரவு

லாரிக்காரர்கள் வலது இண்டிகேட்டர் போட்டு ஓவர்டேக் பண்ணச் சொல்வது பற்றி நீளமாகச் சண்டை நடந்திருக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

1989 விதிகளில் டிரைவர் கை காட்டும் முறை விவரமாக இருந்தது. வலப்பக்கம் திரும்புவதற்கு வலது கையை நேராக வெளியே நீட்டி, உள்ளங்கை முன்னால் பார்க்க அசைக்காமல் வைக்க வேண்டும். இடப்பக்கம் திரும்புவதற்குக் கையை நீட்டிச் சுழற்ற வேண்டும். வேகம் குறைப்பதற்கு உள்ளங்கையைக் கீழே வைத்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். பின்னால் வருகிறவரைத் தாண்டிப் போகச் சொல்வதற்குத் தனிச் சைகை, கையை முன்னும் பின்னுமாக வீசுவது. பழைய லாரி டிரைவர்கள் எல்லாரும் இதைச் செய்து நாம் பார்த்திருக்கிறோம். கிளீனர் இடப்பக்கம் தொங்கிக்கொண்டு கதவைத் தட்டி வழி சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான்.

கை காட்டுவது போய் விளக்கு வந்தது. விளக்குக்கு இரண்டே பேச்சு, இடம், வலம். "திரும்பப் போகிறேன்" என்பதற்கும் "நீ தாண்டிப் போ" என்பதற்கும் அதே வலது விளக்கு. எனக்குத் தோன்றுவது இதுதான்: லாரிக்காரர் விதியை மறக்கவில்லை. விதியில் இருந்த ஒரு சைகைக்கு விளக்கில் இடம் இல்லாமல் போக, இருந்த விளக்கையே எடுத்துக்கொண்டார்.

ஆனால் அதை நம்பி ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸில் ராத்திரி ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். நடுவில் மீடியன் இல்லாத இருவழிச் சாலை. முன்னால் லோடு லாரி. வலது விளக்கு சிமிட்டுகிறது. வழி விடுகிறாரா, வலப்பக்கம் இருக்கிற பெட்ரோல் பங்குக்குத் திரும்புகிறாரா? எதிரே ஹை பீம் போட்டுக்கொண்டு ஒரு வண்டி வருகிறது, ஒன்றும் தெரியவில்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் ஒரு விநாடிக்கு 22 மீட்டர். யோசித்து முடிப்பதற்குள் லாரியின் பின்பக்கம் கண்ணாடிக்கு நேராக வந்துவிடும். நான் அந்த விளக்கை "போகலாம்" என்று எடுத்துக்கொள்வதே இல்லை. எதிரே இருட்டு காலியாக இருப்பதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் தாண்டுவேன்.

ஜூன் 10

ஹெட்லைட் சிமிட்டுவதும் அதே கதை. நம் ஊரில் டிம், டிப் அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம். பிரிட்டனில் இருந்து வந்திருந்த ஒரு நண்பர் அதை "நீங்க போங்க" என்று எடுத்துக்கொண்டு காந்திபுரத்தில் நேராக முன்னால் போய்விட்டார். நல்லவேளை, ஆட்டோக்காரர் பிரேக் பிடித்தார்.

அப்புறம், நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு நாற்சந்தியை நேராகத் தாண்டுகிறவர்கள். பழகிய டிரைவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். நின்றுபோன வண்டிக்குத்தான் அந்த விளக்கு. ஓடுகிற வண்டியில் போட்டால் பக்கத்தில் வருகிறவருக்கு ஒரு பக்கத்து விளக்கு மட்டும்தான் கண்ணில் படும். வண்டி அவர் பக்கம் திரும்புகிறது என்று நினைப்பார்.

ஜூன் 11

மலைப்பாதை பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். வால்பாறை ரோடு. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி. போன கோடையில் நடந்தது.

குறுகலான இடம். கீழேயிருந்து பேருந்து ஏறி வருகிறது, செகண்ட் கியரில் முனகிக்கொண்டு. மேலேயிருந்து ஒரு வெள்ளைக் கார் இறங்குகிறது. கார் நின்றது, ஓரம் கட்டவில்லை. ஓட்டியவர் கையை ஆட்டிப் பேருந்தைப் பின்னால் போகச் சொன்னார். பேருந்து டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏறுற வண்டிங்க சார்" என்றார், கோபமே இல்லாமல். காரில் இருந்தவர் இறங்கி வந்தார். "இருபத்தஞ்சு வருஷமா ஓட்டுறேன், எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார். வெள்ளைக் காருக்குப் பின்னால் எங்கள் கார், எங்களுக்குப் பின்னால் வரிசையாக வண்டிகள். கடைசியில் கண்டக்டர் இறங்கி, விசில் ஊதி, காரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு வாங்கச் சொல்லி, பாறை ஓரமாக ஒதுக்கிவிட்டார். பேருந்து எங்களைத் தாண்டிப் போகும்போது கிளட்ச் கருகிய வாசனை.

மலையில் இரண்டு வண்டிக்கும் இடம் இல்லாத இடத்தில் இறங்குகிற வண்டி ஓரம் கட்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். 1989 விதிகளிலேயே இதற்குத் தனி விதி இருந்தது. ஏறுகிற வண்டி நின்றால் மறுபடி எடுப்பது பாடு. ஹாண்ட் பிரேக்கை விட்டு, கிளட்சை ஏற்றி, லோடோடு முன்னால் நகர்வதற்குள் பின்னால் வழுக்கும். இறங்குகிறவருக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, பிரேக்கை விட்டால் வண்டி தானாகப் போகும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

அந்த மனிதரின் இருபத்தைந்து வருஷமும் பொய் இல்லை. எல்லாம் சமவெளியில் ஓட்டிய வருஷங்கள்.

ஜூன் 12

சட்டென்று ஒன்று. நடுக்கோடு இரட்டையாக இருக்கிறது, ஒன்று தொடர்கோடு, ஒன்று விட்டுவிட்டுப் போட்டது. தாண்டலாமா? உங்கள் பக்கம் இருப்பது விட்டுவிட்டுப் போட்ட கோடென்றால் எதிரே பார்த்துத் தாண்டலாம். உங்கள் பக்கம் தொடர்கோடென்றால் கூடாது. அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். அந்த மாதிரிக் கோடு இருக்கிறதா என்றே சிலர் திருப்பிக் கேட்டார்கள். தினமும் அதன் மேல்தான் வருகிறார்கள்.

வட்டமான நீலப் போர்டும் அப்படியே. நீலம் என்றால் தகவல் என்று நினைக்கிறோம். நீலச் செவ்வகம்தான் தகவல். நீல வட்டம் கட்டாயம், அம்பு இடப்பக்கம் காட்டினால் இடப்பக்கம்தான் போயாக வேண்டும்.

ஜூன் 13

"விதி தெரிந்தால் விபத்து குறையுமா? எல்லோருக்கும் தெரிந்துதானே மீறுகிறார்கள்?" இந்த இழையில் வந்ததிலேயே கனமான கேள்வி இது. இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஆண்டில் நாடு முழுக்க 4,61,312 விபத்து, 1,68,491 சாவு. விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல், 64,105. செத்தவர்கள் 17,884 பேர். காரணங்களில் பெரும்பங்கு அதிவேகம் என்று எழுதியிருக்கிறார்கள். விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் பெரும்பாலோர் முறையான உரிமம் வைத்திருந்தவர்கள். வேகமாகப் போகக் கூடாது என்று தெரியாதவர் யார்? அந்த வகையில் பார்த்தால் கேட்டவர் பக்கம்தான் உண்மை.

ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை. தெரிந்தே மீறுகிறவர் பயந்துகொண்டே மீறுகிறார். ராங் சைடில் வருகிற பைக்காரரைப் பாருங்கள், ஓரமாக, மெதுவாக, எதிரே வருகிறவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே வருவார். போலீஸ் நிற்கிறாரா என்றும் பார்ப்பார். தப்பு தன்னுடையது என்று தெரிவதால் பிரேக்கில் விரல் இருக்கும். விதியைத் தப்பாகத் தெரிந்து வைத்திருப்பவர் அப்படி வருவதில்லை. நேராகப் போகிற எனக்குத்தான் வழி என்று நம்புகிறவர் நாற்சந்தியில் காலை எடுக்க மாட்டார். குறுக்கே வருகிறவர் பெரிய வண்டிக்குத்தான் வழி என்று நம்புகிறார், அவரும் எடுக்க மாட்டார். இரண்டு பேருக்கும் தங்கள் பக்கம் நியாயம். அங்கே பிரேக் பிடிக்க ஆளே இல்லை.

வேகத்துக்கு அபராதம் போடலாம், கேமரா வைக்கலாம். "யாருக்கு வழி" என்பதற்குக் கேமரா கிடையாது. அதை ஓட்டுகிறவர் தலையில் ஏற்றினால்தான் உண்டு. அனுபவசாலிகளிடம் நான் கேட்டுப் பார்த்த வரை ஹெல்மெட், சீட் பெல்ட், சிக்னல் எல்லாம் தெரிகிறது. அபராதம் விழும் விதிகள் ஞாபகத்தில் நிற்கின்றன. வழி விடுகிற விதிகள் மட்டும்தான் காணோம்.

ஜூன் 13, இரவு

"ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குவதும் வழி விடுகிற விதிதானே, அது எல்லோருக்கும் தெரியுமே" என்கிறார் ஒருவர். ஆமாம், அது தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவில் பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டு ஜனங்கள் ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குவது அபராதத்துக்குப் பயந்து இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். சைரன் கேட்டதும் சாலையே பிளந்து வழி விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு பறக்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன், அதுவும் தடை செய்யப்பட்டது.

பின் சீட் பெல்ட் புது விதி என்று எழுதியவருக்கு: 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்த பிறகுதான் பேச்சு எழுந்தது, அவர் பின் இருக்கையில் இருந்தார். விதி அதற்கு வெகு முன்பே மத்திய மோட்டார் வாகன விதிகளில், 138-இல், இருந்தது.

ஜூன் 15

புதுப்பிக்கும்போது எழுத்துத் தேர்வு வைக்க வேண்டும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். முதலில் அப்படித்தான் நினைத்தேன். அண்ணனிடம் சொன்னதும் அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "டெஸ்ட்ல தோத்தா வண்டி நிக்கும். வண்டி நின்னா டியூ யார் கட்டறது? நீ கட்டறியா?" என்றான். அவன் கேட்டது நியாயம். கம்ப்யூட்டரில் மவுஸ் பிடிக்கத் தெரியாத, ஆனால் ராத்திரியெல்லாம் பத்திரமாக ஓட்டி வருகிற எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் உரிமத்தைப் பிடுங்கிவிட்டு நான் என்ன சாதிக்கப் போகிறேன்?

அதனால் இப்படிக் கேட்கிறேன். தேறுவது, தோற்பது வேண்டாம். புதுப்பிக்க வருகிறவரை ஆர்.டி.ஓ. ஆபீஸில் அரைமணி நேரம் உட்கார வையுங்கள். தமிழில், வாயால் கேட்கிற கேள்வி. நாற்சந்தி, ரவுண்டானா, மலை, நடுக்கோடு, ராத்திரி விளக்கு. தப்பாகச் சொன்னால் சரியான விடையைப் படம் போட்டுக் காரணத்தோடு காட்டுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அது சரி. அதுக்கு நானே வர்றேன்" என்றான்.

பேட்ஜ் வைத்து வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கம்பெனிகளும் சங்கங்களும் இதைச் செய்யலாம். கண் பரிசோதனை முகாம் நடத்துகிறார்களே, அதே நாளில், அதே பந்தலில்.

ஜூன் 18

அண்ணன் மகள் எல்.எல்.ஆர். வாங்கிவிட்டாள். கேட்டவர்களுக்கு நன்றி. ஆறு மாதம் செல்லும். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். சுங்கம் ரவுண்டானாவில் நான் நின்று வழி விட்டபோது பின்னால் ஹாரன் அடித்தார்கள். "அவங்க அடிச்சுக்கிட்டே இருக்கட்டும் சித்தப்பா, நீங்க நில்லுங்க" என்றாள்.

ஜூன் 19

தனிச் செய்தியில் புதுப்பிப்பு பற்றிக் கேட்டவருக்கு, எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். காலாவதி ஆவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். படிவம் 2. நாற்பது வயது தாண்டியவர் மருத்துவரிடம் 1ஏ படிவத்தில் சான்று வாங்க வேண்டும். உங்களுக்கு முடிந்து பத்து மாதம் ஆகிறது என்கிறீர்கள், ஒரு வருஷத்தைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் மறுபடி டெஸ்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீர்கள், காலாவதி ஆன உரிமத்துக்கு முன்பு இருந்த முப்பது நாள் சலுகை 2019 திருத்தத்தோடு போய்விட்டது.